கிங் ஷாகா விமான நிலையத்துக்கு முதலில் தேவை ரயிலா, பஸ்ஸா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக் கிங் ஷாகா விமான நிலையத்துக்குப் போய்வரும் வழியை எப்படிச் சீர்செய்யலாம்? ஜோஹானஸ்பர்க்கில் ஓடும் கௌட்ரெயின் என்ற விரைவு ரயில் மாதிரி ஒன்று வந்தால் தீர்ந்துவிடுமா?

இப்போதைக்குத் தீராது. முதலில் வேண்டியது விமான நிலையத்தை அடுத்த ஊர்களான வெருலம், டொங்காட் பக்கத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் பஸ். அடுத்து, முனைய வாசலில் கார்கள் நிற்கும் நேரத்தைக் குறைப்பது. இரண்டுக்கும் பாலம் கட்ட வேண்டியதில்லை.

கௌட்ரெயின் நல்ல ரயில்தான். 2010 ஜூன் 8 அன்று, கால்பந்து உலகக் கோப்பைக்கு மூன்று நாள் முன்னால், ஓடத் தொடங்கியது. ஜோஹானஸ்பர்க்கின் வணிக மையமான சாண்ட்டனிலிருந்து ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்துக்குச் சுமார் 15 நிமிஷம். ஆனால் அதன் தண்டவாள அகலம் 1435 மில்லிமீட்டர், நாட்டின் பழைய பாதைகள் 1067. பழைய தடத்தில் அந்த ரயில் ஏறாது, எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். அந்தச் செலவைத் தாங்க ஒரு முனையில் சாண்ட்டன் போல அலுவலகங்கள் குவிந்திருக்க வேண்டும். டர்பனில் இறங்குகிறவர்களோ உம்ஷ்லாங்கா, பாலிட்டோ, ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் என்று எட்டுத் திக்கும் பிரிகிறார்கள். கட்டணமும் ஒரு பாடம்: டாம்போ நிலையத்துக்குத் தனிக் கட்டணம், அதிகம். ஒரு நிலையம் முன்னாலிருக்கும் ரோட்ஸ்ஃபீல்டுக்கு அதைவிடக் குறைவு. வருஷத்துக்கு இரண்டு முறை பறப்பவருக்கு இது பெரிதில்லை, தினமும் வேலைக்கு வருகிறவருக்குப் பெரிது.

அந்தத் தினசரி ஆளைப் பற்றித்தான் யாரும் கணக்குப் போடுவதில்லை. 2010 வரை விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே, மெர்பேங்க், இசிபிங்கோ பக்கம் இருந்தது. அந்த மே முதல் தேதி வடக்கே லா மெர்சிக்கு மாறியது. நகர மையத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஐம்பதுக்குப் பக்கம். காலை ஆறு மணி விமானமென்றால் கவுண்டர் ஊழியர் நான்கு மணிக்கே உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே டாக்ஸி என்றால் பதினைந்து பேர் ஏறும் மினிபஸ். ரேங்கில், அதாவது டாக்ஸி நிறுத்தத்தில், ஆள் நிரம்பினால்தான் நகரும். விடிகாலை மூன்று மணிக்கு அது எங்கே நிரம்பும்?

ஆகவே நேர அட்டவணைப்படி ஓடும் பஸ். வெருலம் ஸ்டேஷன், ஆர் 102 சாலை, விமான நிலையம், டொங்காட் என்று ஒரே தடம். ஒரு வழிக்கு 40 நிமிஷம், இரு முனையிலும் பத்துப் பத்து நிமிஷம் ஓய்வு என்று வைத்தால் ஒரு சுற்று 100 நிமிஷம். இருபது நிமிஷத்துக்கு ஒன்று விட ஐந்து பஸ், பழுதுக்கு மாற்றாக ஒன்று, ஆக ஆறு. முதல் பஸ் 3.45-க்கு முனையத்தில் இருக்க வேண்டும். நடுக்கதவுக்குப் பக்கத்தில் நான்கு இருக்கைகளைக் கழற்றிவிட்டு இரண்டடுக்குப் பெட்டித் தாங்கி வையுங்கள், பெட்டிக்காரரின் கண்ணுக்குத் தெரியும்படி. பின்கோடியில் வைத்தால் யாரும் அங்கே வைக்க மாட்டார்கள். பெட்டி நடைபாதையை அடைக்கும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறி இறங்க நேரமாகும், நாற்பது நிமிஷம் ஐம்பத்தைந்தாகும்.

இது எங்கே சிக்கும் என்றால், டாக்ஸி உரிமையாளர்களிடம். அவர்கள் பிழைப்பைத் தொடாமல் புதுத் தடம் போட முடியாது. 2009-ஆம் ஆண்டு தேசியத் தரைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஏற்கெனவே ஓட்டுகிறவர்களோடு ஏலமில்லாமல் பேசி, அதிகபட்சம் 12 ஆண்டுக்கு ஒப்பந்தம் போட இடம் தருகிறது. பேச்சை முதலில் முடிக்காமல் நிறுத்தங்களைக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நகரத்தின் விரைவு பஸ் திட்டமான கோ டர்பனே சாட்சி. தடம் போட்டும் பல வருஷம் பஸ் ஓடவில்லை.

அடுத்தது வாசல். ஒரு கார் நின்று கிளம்ப ஏழு மீட்டர் வேண்டும். 105 மீட்டர் ஓரத்தில் 15 கார் நிற்கும். ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷம் நின்றால் மணிக்கு 450 கார். ஐந்து நிமிஷமானால் வெறும் 180. நம் ஆட்களோ பாட்டியைச் சென்னைக்கு ஏற்றிவிட மூன்று காரில் வந்து, விபூதி பூசி, அழுது முடிக்கக் கால் மணி நேரம் ஆக்குகிறவர்கள்! அவர்களை விரட்டிப் பலனில்லை. உள்ளே நிறுத்துமிடத்தில் முதல் முப்பது நிமிஷம் இலவசமாக்கினால் தானாக அங்கே போவார்கள். வரவேற்க வருகிறவர்களுக்கு, அழைப்பு வரும்வரை காத்திருக்கத் தனித் திடல் வேண்டும்.

சாலை விரிவாக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மவுண்ட் எட்ஜ்கோம்பில் என் 2 நெடுஞ்சாலையும் எம் 41 சாலையும் சந்திக்கும் அடுக்குச் சந்திப்பு 2018-இல் முடிந்து, நெரிசல் குறைந்தது. இனி அகலப்படுத்துவதைவிட மாற்று வழிதான் முக்கியம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கடலோர எம் 4 சாலை வடக்குப் பகுதியில் சேதமானதும் வண்டிகள் என் 2-வில் குவிந்தன. விமான நிலையத்தை ஒட்டிய டூபே டிரேட்போர்ட் சரக்கு வளாகத்தின் லாரிகளும் அதே சாலையில்தான். ஆர் 102-இல் சிக்னலுக்கு முன்னால் 60, 70 மீட்டருக்கு பஸ்ஸுக்கு மட்டும் தனி வரிசை போட்டால் போதும், அது உண்மையான இரண்டாம் வழியாகிவிடும்.

ஒன்று விட்டுப்போயிற்று. கடைசி பஸ்ஸைக் கடிகாரத்தோடு கட்டாமல் கடைசி விமானத்தோடு கட்டுங்கள். விமானம் தாமதமானால் நிலையக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து டிப்போவுக்கு ஒரு போன் போக வேண்டும், ஓட்டுநரின் கூடுதல் மணிநேரக் கூலியும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லையென்றால் பஸ் காலியாகத் திரும்பிவிடும்.