எச்-4-ல் வந்த மகள் ஃபெடரல் ஜட்ஜ் ஆக முடியுமா?

இந்தியாவில் பிறந்து எச்-4-ல் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) வந்து பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், அமெரிக்காவில் ஃபெடரல் ஜட்ஜ், அதாவது மத்திய அரசு நீதிமன்ற நீதிபதி, ஆக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். இந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டாம். அரசியல் சாசனம் நீதிபதிக்கு வயதோ பட்டமோகூடக் கேட்கவில்லை.

முதல் கண்டம் விசாதான். 21 வயதானால் எச்-4 போய்விடும். ஆனால் கிரீன் கார்டுக்கு அவள் வயதைக் கணக்கிடும்போது, உங்கள் ஐ-140 (கம்பெனி உங்களுக்காகப் போடும் கிரீன் கார்டு மனு) பரிசீலனையில் கிடந்த நாட்களைக் கழிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அந்தக் கணக்கை இமிக்ரேஷன் வக்கீலிடம் இப்போதே போட்டுப் பாருங்கள்.

ஊரைப் போல பிளஸ் டூ முடித்ததும் சட்டம் படிக்க முடியாது. ஏதாவது ஒரு நான்கு வருடப் பட்டம், எல்சாட் என்ற சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு, மூன்று வருட ஜே.டி. சட்டப் பட்டம், பிறகு வக்கீலாகப் பதிவு செய்ய பார் தேர்வு. 2023 முதல் நியூயார்க்கில் ஜட்ஜாக இருக்கும் அருண் சுப்ரமணியன் முதலில் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். படித்து முடித்ததும் ஒரு ஜட்ஜிடம் லா கிளார்க்காக (சட்ட உதவியாளராக) ஓராண்டு இருப்பது பெரிய பலம்.

அதன்பின் வழக்காடும் வருடங்கள். ஜட்ஜ் பதவிக்கு வருபவர்களை மதிப்பிடும் வக்கீல்கள் சங்கமான அமெரிக்க பார் அசோசியேஷன் 12 வருடமாவது எதிர்பார்க்கும். பதவி காலியாக வேண்டும், மாநில செனட்டர்கள் சம்மதிக்க வேண்டும், ஜனாதிபதி நியமிக்க வேண்டும், செனட்டில் பெரும்பான்மை வேண்டும். செனட்டுக்கு நிரப்பித் தரும் படிவம் கல்லூரிக் காலத்தில் அச்சான கட்டுரையைக்கூடக் கேட்கும். ஒன்று விட்டுப்போனாலும் மறைத்ததாகத்தான் பார்ப்பார்கள்.

பதவி ஆயுளுக்கும். ஃபெடரல் மாவட்ட நீதிபதியின் சம்பளம் 2025-ல் 2,47,400 டாலர். பெரிய சட்ட நிறுவனங்களில் புதிதாகச் சேருபவரே 2,25,000 வாங்குகிறார். பணத்துக்காக வரும் வேலை இல்லை இது. ஒரு கம்பெனியில் ஒரே ஒரு ஷேர் இருந்தாலும் அதன் வழக்கிலிருந்து விலகியாக வேண்டும். விசாரணை நடக்கும் நாட்கள் குறைவு. பெரும்பொழுது மனுக்களைப் படித்து உத்தரவு எழுதுவதில் போகும். ஆறு மாதம் தாண்டிய மனுக்கள் ஜட்ஜ் பெயரோடு பகிரங்கப் பட்டியலில் வரும். அதனால் அந்தப் பட்டியலுக்குக் கணக்கெடுக்கும் மார்ச் 31, செப்டம்பர் 30 நெருங்கும்போது ஜட்ஜின் அறையில் விளக்கு அணையாது.

லீவு நாளில் அவளைப் பக்கத்து ஃபெடரல் கோர்ட்டுக்குக் கூட்டிப் போங்கள். அனுமதி இலவசம். அடையாள அட்டை வேண்டும். பல கோர்ட்டுகளில் போனை உள்ளே விடமாட்டார்கள். தண்டனை அறிவிக்கும் நாளாகப் பாருங்கள். அறிவிக்கும் முன் குற்றவாளியைப் பேசச் சொல்லியே ஆக வேண்டும். அவர் பேசி முடிக்கும்வரை ஜட்ஜ் எப்படிக் கேட்கிறார் என்பதை அவள் கவனிக்கட்டும்.