மேட்டூர் மட்டமும் மைனஸ் முடுக்கமும்: இயக்க வரைபடம், கேள்வி பதில்

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்துவிட்டு, இப்போது கும்பகோணம் பக்கம் வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வரைபடத்தில் தடுமாறுகிறவர்கள் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் சில.

மன்னார்குடி, ப்ளஸ் ஒன் மாணவி: இடப்பெயர்ச்சி–காலம் வரைபடத்தில் 4-வது வினாடியில் 16 மீட்டர். திசைவேகம் 16/4 = 4 என்று போட்டேன். 8 என்கிறார்கள். ஏன் சார்?

வகுத்ததில் தப்பில்லை பாப்பா, கேட்டதுதான் வேற. நீ கண்டுபிடித்த 4, கிளம்பியதிலிருந்து அதுவரைக்குமான சராசரி. கேட்டது அந்த வினாடியின் திசைவேகம். பூஜ்யத்தில் கிளம்பும் நேர்கோடாக இருந்தால் இரண்டும் ஒன்றே. உன்னுடையது x = t² என்ற வளைகோடு. 4-வது வினாடிப் புள்ளியில் ஸ்கேலை வை. கோட்டை வெட்டக்கூடாது, அந்த ஒரு புள்ளியில் மட்டும் உரச வேண்டும். அப்படி இழுத்த தொடுகோடு கால அச்சை 2-வது வினாடியில் தொடும். 6-வது வினாடியில் 32 மீட்டருக்கு ஏறியிருக்கும். 4 வினாடியில் 32 மீட்டர் ஏற்றம், அப்படியானால் சாய்வு 8 மீ/வி. தொடுகோட்டில் ஒட்டி ஒட்டி இரண்டு புள்ளி எடுக்காதே. பென்சில் முனையின் தடிமனே விடையைக் கெடுத்துவிடும்.

மயிலாடுதுறை, ப்ளஸ் ஒன் மாணவன்: முடுக்கம் மைனஸ் என்றால் வண்டி பின்னால் போகிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை தம்பி. முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம், அவ்வளவுதான். தேர்வில் அதிகம் மார்க் போகிற இடம் இது.

நம்ம ஊரில் ஜூன் பிறந்தால் பேப்பரைத் திறந்ததும் எதைத் தேடுவார்கள்? மேட்டூர் நிலவரம். அணைக்கு வரத்து வினாடிக்கு 40,000 கன அடி, திறப்பு 10,000 என்று வைத்துக்கொள். மறுநாள் வரத்து 25,000. உடனே டீக்கடையில் "வரத்து பாதியாப் போச்சே" என்று உச்சுக்கொட்டுவார்கள். ஆனால் அணையில் தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருக்கும், கொஞ்சம் மெதுவாக. வரத்தும் 10,000-க்கு வந்துவிட்டால் இருப்பு அப்படியே நிற்கும். அதற்கும் கீழே போனால்தான் இறங்க ஆரம்பிக்கும்.

இருப்பு என்பது வண்டி இருக்கும் இடம் மாதிரி. வரத்துக்கும் திறப்புக்கும் உள்ள வித்தியாசம் திசைவேகம். அந்த வித்தியாசம் சுருங்குகிறதே, அதுதான் மைனஸ் முடுக்கம். (அடிக்கணக்கை எடுக்காதே, டி.எம்.சி. கணக்கை எடு. மேலே போகப்போக அணை அகலமாவதால் ஒரு அடி ஏற எல்லா மட்டத்திலும் ஒரே அளவு தண்ணீர் போதாது.)

ஆக, திசைவேகக் கோடு எவ்வளவு சரிந்தாலும் கால அச்சுக்கு மேலே இருக்கிறவரை வண்டி முன்னால்தான் போகிறது. அச்சைக் கடந்து கீழே இறங்கிய பிறகுதான் பின்னால். அங்கேயும் முடுக்கம் மைனஸாகவே தொடர்ந்தால் வண்டி பின்பக்கமாக வேகமெடுக்கிறது. 'மைனஸ் என்றால் பிரேக்' என்று மனப்பாடம் செய்தவர்கள் சறுக்குவது இங்கேதான்.

திருவாரூர், ஒரு அப்பா: ஆழித்தேர் நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வந்தால் இடப்பெயர்ச்சி பூஜ்யம் என்கிறான் பையன். அத்தனை பேர் இழுத்தது வீணா?

பையன் சொன்னது சரிதாங்க. கிளம்பிய இடத்துக்கே வந்தாகிவிட்டது, இடப்பெயர்ச்சி பூஜ்யம். கடந்த தொலைவு நாலு வீதி நீளம். வடம் பிடித்த கை வலி தொலைவுக் கணக்கில் வரும்.

அதே தேரை வைத்து அவனை இன்னொன்று கேளுங்கள்: திசைவேகம்–காலம் வரைபடத்தில் தேர் நிற்பதைச் செங்குத்துக் கோடாகப் போடலாமா? கூடாது. செங்குத்து என்றால் நேரமே ஆகாமல் திசைவேகம் மாறியது, அதாவது முடுக்கம் முடிவிலி. 96 அடி உயரம், ஏறக்குறைய 300 டன். ஹைட்ராலிக் பிரேக் போட்டும் நிற்கக் கொஞ்ச நேரம் பிடிக்கத்தான் செய்யும். கோடு சாய்ந்துதான் இறங்கும்.

கும்பகோணம், மாணவி: ரயில் 40 வினாடியில் 20 மீ/வி எட்டுகிறது. 100 வினாடி அதே வேகம். பிறகு 50 வினாடியில் நிற்கிறது. எவ்வளவு தூரம்?

திசைவேகம்–காலம் வரைபடம் போட்டு, கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பைக் கூட்டு. முக்கோணம் 400, செவ்வகம் 2000, கடைசி முக்கோணம் 500. மொத்தம் 2900 மீட்டர். முடுக்கம் வேண்டுமானால் சாய்வு: முதலில் 0.5, நடுவில் 0, கடைசியில் –0.4 மீ/வி².

நாகப்பட்டினம், நீட் மாணவர்: ஒரே ஷார்ட்கட் சொல்லுங்க சார்.

நிமிர்ந்த அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படி. ஒரே மாதிரி படுத்த கோடு, இடப்பெயர்ச்சி–காலம் வரைபடத்தில் வண்டி நிற்கும், திசைவேகம்–காலம் வரைபடத்தில் ஓடும்.

பட்டுக்கோட்டை, மாணவன்: முடுக்கம்–காலம் வரைபடத்தின் பரப்புதானே திசைவேகம்?

திசைவேகம் எவ்வளவு மாறியது என்பதுதான் அந்தப் பரப்பு. 2 மீ/வி² முடுக்கம் 5 வினாடிக்கு இருந்தால் பரப்பு 10. வண்டி ஏற்கெனவே 6-ல் ஓடிக்கொண்டிருந்தால் விடை 16. அந்த 6 வரைபடத்தில் இருக்காது, கேள்வியின் முதல் வரியில் இருக்கும்.