இடுப்புல இருக்கறதை கை மறக்கணும்

கேள்வி: அண்ணா, டெக்சாஸ்ல டாலஸுக்கு வடக்கே குடும்பத்தோட இருக்கேன், கிரீன் கார்டு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. நண்பரோட சேர்ந்து ஒரு கன்வீனியன்ஸ் ஸ்டோர் நடத்தறேன். ராத்திரி கல்லா எண்ணி முடிச்சு பணத்தோட தனியாத்தான் கார்ல ஏறணும், அந்த பயத்துல கைத்துப்பாக்கி வாங்கி, அதை வெளிய கூடவே வெச்சுக்க டெக்சாஸ் கொடுக்கற எல்.டி.சி. லைசன்ஸும் எடுத்தேன். சட்டைக்குள்ள மறைச்சு வெச்சுக்க ஆரம்பிச்சு மூணு வாரம்தான் ஆகுது, அதுக்குள்ள மானம் போச்சு. கடையில குனிஞ்சு தண்ணி கேஸ் தூக்கறப்போ சட்டை மேல ஏறி, ஒரு பாட்டி பாத்துட்டு கத்திட்டாங்க. ஹைவே ரெஸ்ட் ஏரியா டாய்லெட்ல கழட்டி வெச்சுட்டு கார் வரைக்கும் வந்துட்டேன், திரும்ப ஓடிப் போய் பாத்தா நல்லவேளை அங்கேயே இருந்துச்சு. வீட்டுக்காரி "ஆறு வயசுப் புள்ள இருக்கற வீடு"ன்னு ஒரு தடவை சொன்னா, அதுக்கப்புறம் பேச்சே இல்ல. எனக்கு மட்டும்தான் இப்படியா, ஆரம்பத்துல எல்லாரும் இப்படித்தானா? விட்டுடலாமா? டிசம்பர்ல சென்னைக்கு வேற கிளம்பறோம். பேர் வேண்டாம்.

பதில்: தம்பி, உங்க லெட்டர்ல அந்த டாய்லெட் வரியைப் படிச்சதும் எனக்கு பழைய வேர்வை மறுபடி வந்துச்சு. நானும் அதே மாதிரி ஓடியிருக்கேன், ஹூஸ்டன் பக்கம், 2011-ல, லைசன்ஸ் வாங்கின அதே மாசம். அப்போ உங்க எல்.டி.சி.க்கு பேர் சி.ஹெச்.எல்., கிளாஸ் 10 மணி நேரம், இப்போ 4-லேருந்து 6 மணி நேரத்துல முடிச்சுடறாங்க. ஷூட்டிங் டெஸ்ட் அப்படியேதான் இருக்கு, 3, 7, 15 கெஜத்துல மொத்தம் 50 ரவுண்டு (தோட்டா), 250-க்கு 175 வந்தா பாஸ். நான் நல்ல மார்க்தான் வாங்கினேன், ஆனா அந்த 50 ரவுண்டுல ஒண்ணு கூட, இதை இடுப்புல வெச்சுக்கிட்டு எப்படி உக்காரணும், எப்படி குனியணும், பாத்ரூம்ல என்ன பண்ணணும்னு சொல்லித் தரல. அதெல்லாம் அவனவன் பட்டுத்தான் கத்துக்கறான், அதனால நீங்க தனி ஆள் இல்ல.

பாட்டி கத்தினதுக்கு ரொம்ப மனசு உடைய வேண்டாம். ஹோல்ஸ்டர்ல (துப்பாக்கி உறையில) இருக்கற துப்பாக்கி தெரியாத்தனமா வெளிய தெரிஞ்சா டெக்சாஸ்ல அது குத்தம் இல்ல, 2016-லேருந்தே லைசன்ஸ்காரங்க வெளிப்படையாவே வெச்சுக்கலாம், 2021 செப்டம்பர்லேருந்து 21 வயசு ஆனவங்களுக்கு, வேற சட்டத் தடை எதுவும் இல்லாட்டி, லைசன்ஸே தேவையில்ல. ஆனா உங்க கஸ்டமர் பயந்தாங்க, அது வியாபாரத்துக்கு ஆகாது. நான் கேக்கறது ஒண்ணுதான், உங்க பெல்ட் என்ன பெல்ட்? ஆபீஸ் பேன்ட்டுக்கு போடற மெல்லிசு தோல் பெல்ட்டும் பதினஞ்சு டாலர் நைலான் ஹோல்ஸ்டருமா இருந்தா, அதேதான் என் கதையும். ஆயிரம் டாலர்ல பாதிக்கு மேல துப்பாக்கிக்கு கொடுத்துட்டு, அதைத் தாங்கற சாமானுக்கு கணக்கு பாத்தேன். வெயிட் தாங்காம பேன்ட் இறங்கும், நான் ஏத்துவேன், துப்பாக்கி சாயும், நான் நிமிர்த்துவேன், சட்டை நுனியை இழுத்து விடுவேன், ஒரு நாளைக்கு அம்பது தடவை கை அங்கதான் போகும். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் "என்னப்பா, இடுப்புல சிரங்கா"ன்னே கேட்டுட்டார்.

என் அனுபவத்துல ஆரம்பத் தப்பு எல்லாத்தையும் ஒரே குடும்பத்துல சேத்துடலாம், எல்லாமே கை அதைத் தொடறதுல வர்றது. இடுப்புல ஒழுங்கான ஹோல்ஸ்டர்ல இருக்கற துப்பாக்கி அதுபாட்டுக்கு இருக்கும், சும்மா வெடிக்காது. எடுக்கறது, வைக்கறது, கழட்டறது, லோடு பண்றது, அன்லோடு பண்றது, கார்ல ஒளிக்கறது, அங்கதான் விபத்து. அதனால தொடற தடவையைக் குறைக்கறதுக்கு செலவு பண்ணுங்க. ஒண்ணரை இஞ்ச் அகலத்துல, மடங்காத, இதுக்குன்னே விக்கற பெல்ட். கைடெக்ஸ்ங்கற பிளாஸ்டிக் மாதிரி கெட்டியான, ட்ரிகரை (சுடற விசையை) முழுசா மூடற, உங்க மாடலுக்குன்னே செஞ்ச ஹோல்ஸ்டர், துப்பாக்கியை உருவினப்புறமும் வாய் சுருங்கிடக் கூடாது. ரெண்டும் சேர்ந்து நூத்தம்பது டாலர் ஆகும், ஆகட்டும். முதல் ஹோல்ஸ்டரே சரியா அமைஞ்சவங்களை நான் பாத்ததில்ல, எங்க வீட்டு அலமாரியில ஒரு டிராயர் முழுக்க வேண்டாம்னு போட்டது கிடக்கு. சட்டை ஒரு சைஸ் பெருசா, கட்டம் போட்டதா எடுங்க, பிளெயின் டி-ஷர்ட் எல்லாத்தையும் காட்டிக் கொடுத்துடும். குனியறப்போ இடுப்பை மடக்காம முட்டியை மடக்கி உக்காந்து எந்திரிங்க, தண்ணி கேஸுக்கு முதுகுக்கும் அதான் நல்லது.

வேஷ்டி கட்டற அன்னிக்கு வேண்டவே வேண்டாம். சொல்ல வேண்டிய விஷயமான்னு சிரிக்காதீங்க, ஒரு பொங்கலுக்கு நான் யோசிச்சேன், வேஷ்டிக்கு மேலேயே பெல்ட்டை இறுக்கி, கண்ணாடி முன்னாடி நின்னு, சாஷ்டாங்கமா விழுந்தா என்ன ஆகும்னு நெனச்சு பாத்துட்டு கழட்டி சேஃப்ல வெச்சேன்.

ஹோல்ஸ்டர் இல்லாம சும்மா சொருகறதும் கூடாது. பிளாக்ஸிகோ பர்ரெஸ்னு ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் ஸ்டார், 2008 பிப்ரவரியில நியூயார்க் ஜயன்ட்ஸ் டீமுக்கு சூப்பர் பவுல் ஜெயிச்சுக் கொடுத்த கேட்ச் பிடிச்ச ஆள். அதே வருஷம் நவம்பர்ல ஒரு நைட் கிளப்ல, ஸ்வெட்பேன்ட்ஸ் இடுப்புல சொருகியிருந்த துப்பாக்கி காலுக்குள்ள வழுக்க, வெடிச்சு தொடையில பாஞ்சுடுச்சு. ஃப்ளோரிடா பர்மிட் காலாவதி, நியூயார்க் பர்மிட்டே இல்ல, ரெண்டு வருஷம் ஜெயில் தண்டனை. துப்பாக்கி கீழ விழுதுன்னா விழட்டும் தம்பி, பிடிக்கப் போகாதீங்க. இப்போ வர்ற நல்ல பிஸ்டல்கள் கீழ விழுந்தா வெடிக்காத மாதிரிதான் செய்யறாங்க, பதறிப் போய் அமுக்கற விரலுக்கு அந்த பாதுகாப்பு கிடையாது.

திரும்ப உள்ள வைக்கறது இன்னும் மோசம். நான் ரேஞ்சுல (சுட்டுப் பழகற இடத்துல) ஒரு தடவை, எல்லாரும் பாக்கறாங்கன்னு ஸ்டைலா சொருகப் போனேன், டி-ஷர்ட் விளிம்பு ட்ரிகரைச் சுத்தி இருக்கற வளையத்துக்குள்ள மடிஞ்சு போச்சு. பக்கத்துல நின்ன வாத்தியார் கையை அப்படியே பிடிச்சு நிறுத்தினார், இல்லாட்டி இந்த பதிலை நொண்டிக்கிட்டே எழுதியிருப்பேன். க்ளாக் மாதிரி துப்பாக்கியில தனி சேஃப்டி பட்டன் கிடையாது, ட்ரிகரை துணி அமுக்கினாலும் விரல் அமுக்கினாலும் அதுக்கு ஒண்ணுதான். வைக்கறப்போ சட்டையை நல்லா தூக்கிப் பிடிச்சு, கண்ணால பாத்து, மெதுவா வைங்க, எடுக்கறதுக்குத்தான் ஒருவேளை அவசரம் வரும், வைக்கறதுக்கு வரவே வராது. முடிஞ்சா ஹோல்ஸ்டரோடவே கழட்டி ஹோல்ஸ்டரோடவே மாட்டுங்க. தினம் ராத்திரி சேம்பர்லேருந்து (சுடத் தயாரா தோட்டா உக்கார்ற அறையிலேருந்து) தோட்டாவை வெளிய எடுத்து காலையில அதையே திரும்ப ஏத்தற பழக்கமும் வேண்டாம், ஒரே ரவுண்டை மறுபடி மறுபடி ஏத்தினா தோட்டா நுனியில இருக்கற குண்டு அதோட பித்தளைக் கூட்டுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிடும், அப்புறம் சுடறப்போ பிரஷர் எகிறும். எனக்கு இது ஒரு வருஷம் தெரியாது.

டாய்லெட் விஷயத்துக்கு வர்றேன். 2015-ல வாஷிங்டன்ல கேபிட்டல் போலீஸ்காரங்களே, பெரிய பெரிய தலைவர்களுக்கு காவல் இருக்கறவங்க, டாய்லெட்ல துப்பாக்கியை விட்டுட்டுப் போனது பேப்பர்ல வந்து நாறிச்சு, அதுல ஒண்ணைக் கண்டுபிடிச்சது ஒரு சின்னக் குழந்தை. ட்ரெய்னிங் எடுத்தவனுக்கே அந்த கதி. காரணம் ஒண்ணுதான், கழட்டி வேற இடத்துல வெச்சா மறதி வரும். கொக்கியில மாட்டறது, டேங்க் மேல வைக்கறது, பேப்பர் ஸ்டாண்டு மேல வைக்கறது எல்லாம் வேண்டாம். ஹோல்ஸ்டர்லேருந்து எடுக்காமலே பேன்ட்டை முட்டி உயரத்துக்கு மேலேயே பிடிச்சுக்கிட்டு, பெல்ட்டை இறுக்கி வெச்சு சமாளிங்க. அசிங்கமாத்தான் இருக்கும், பழகிடும்.

அடுத்தது, எங்க கொண்டு போகக் கூடாதுங்கறதும், அப்போ கார்ல எப்படி வைக்கறதுங்கறதும். கதவுல 30.06 பலகை இருந்தா மறைச்சும், 30.07 பலகை இருந்தா வெளிப்படையாவும் உள்ள கொண்டு போகக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கும், பார்கள்ல சிவப்புல 51% பலகை இருந்தாலும் உள்ள கொண்டு போகக் கூடாது. கோவில்ல பலகை இருக்கான்னு வாசல்லேயே பாருங்க. ஆனா நம்ம ஆளுங்க மாட்டிக்கறது வேற இடத்துல. சனி ஞாயிறு தமிழ்ப் பள்ளி நிறைய ஊர்ல பப்ளிக் ஸ்கூல் கட்டடத்தை வாடகைக்கு எடுத்துத்தான் நடக்குது, ஆண்டு விழாவும் ஸ்கூல் ஆடிட்டோரியத்துல. பையனை வகுப்புல விடறதுக்கு ரெண்டு நிமிஷம்தானேன்னு அப்படியே உள்ள போனா அது ஃபெலனி, அதாவது பெரிய குத்தம். உங்க மாதிரி கிரீன் கார்டுக்காரங்களுக்கு அது ஃபைனோட ஜெயிலோட முடியாது, துப்பாக்கி குத்தத்துல தண்டனை ஆனா நாடு கடத்தறதுக்கே அது ஒரு காரணம். இதைப் படிக்கற ஹெச்-1பி தம்பிங்களுக்கும் சொல்லிடறேன், உங்க விசாவுல துப்பாக்கி வெச்சிருக்கறதே ஃபெடரல் சட்டப்படி தடை, ஹண்டிங் லைசன்ஸ் மாதிரி சில விலக்கு இருக்கு, அதை வக்கீல்கிட்ட கேட்டுட்டு செய்யுங்க, ஃப்ரெண்டு சொன்னான்னு செய்யாதீங்க. நியூஜெர்சி, கலிஃபோர்னியா சொந்தக்காரங்க வீட்டுக்கு கார்ல போறப்போ உங்க டெக்சாஸ் லைசன்ஸ் அங்க செல்லாது. 2013-ல பிலடெல்ஃபியா பொண்ணு ஒருத்தி பென்சில்வேனியா பர்மிட்டை நம்பி பாலம் தாண்டி நியூஜெர்சிக்குள்ள போய், சாதாரண டிராஃபிக் ஸ்டாப்புல போலீஸ்கிட்ட தானா சொல்லி மாட்டிக்கிட்டா, ஜெயில்வாசல் வரைக்கும் போன கேஸ், 2015-ல கவர்னர் மன்னிப்பு கொடுத்தப்புறம்தான் தீர்ந்துச்சு.

கழட்டணும்னா கடை வாசல் பார்க்கிங்ல கழட்டாதீங்க, பாக்கறவன் பாத்துட்டு கண்ணாடியை உடைப்பான். வழியிலேயே ஒதுக்குப்புறமா நிறுத்தி, சீட்டுக்கு அடியில கேபிள் போட்டு பூட்டற பெட்டிக்குள்ள ஹோல்ஸ்டரோடவே வெச்சுட்டு அப்புறம் போங்க. நான் அன்னிக்கு எங்கெல்லாம் போறேன்னு காலையிலேயே யோசிப்பேன், பள்ளி, போஸ்ட் ஆபீஸ், கோர்ட் இப்படி ஏதாவது இருந்தா வீட்டுலேயே விட்டுடுவேன். எல்லா நாளும் இருந்தே ஆகணும்னு பிடிவாதம் பிடிச்ச காலத்துலதான் அதிகமா சொதப்பினேன்.

கல்லா பணத்துக்கு வர்றேன், அதுக்குத்தானே இவ்வளவும். எவனாவது துப்பாக்கி நீட்டி பையைக் கேட்டா பையைக் கொடுத்துடுங்க. நீட்டின துப்பாக்கிக்கு முன்னாடி சட்டையைத் தூக்கி உருவறது அவன் விரலை விட வேகமா நடக்காது. தினம் ஒரே நேரத்துல பேங்குக்கு போகாதீங்க, பார்ட்னரோட ரெண்டு பேரா போங்க, வாசல் லைட்டை மாத்துங்க. அப்புறம் பார்க்கிங்ல எவனாவது திட்டினா சிரிச்சுட்டு வந்துடுங்க. முதல் மாசம் எனக்குள்ள ஒரு சூரப்புலி வந்து உக்காந்தான், ரோட்டுல கட் பண்ணவனை முறைச்சேன், அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. இடுப்புல அது இருக்கற வரைக்கும் எந்த சண்டையையும் நான் பெருசாக்க முடியாது, ஏன்னா அது எங்க போய் முடியும்னு தெரியும்.

இனி உங்க வீட்டுக்காரி. அவங்க சொல்றதுதான் சரி, உங்க லெட்டர்லேயே ரொம்ப தெளிவா பேசினது அவங்கதான். 2014 டிசம்பர்ல ஐடஹோவுல ஒரு கடையில, அம்மா ஹேண்ட்பேக்ல இருந்த துப்பாக்கியை ரெண்டு வயசுக் குழந்தை எடுத்து, அந்த அம்மாவே செத்துப் போனாங்க. அவங்களும் முறையா பர்மிட் வெச்சிருந்தவங்கதான். பையில, தலையணைக்கு அடியில, அலமாரி மேல்தட்டுல எல்லாம் வேண்டாம், ஒண்ணு உடம்புல இருக்கணும் இல்லன்னா சுவத்துலயோ கட்டில்லயோ போல்ட் போட்ட சேஃப்ல இருக்கணும், நடுவுல ஒரு இடம் கிடையாது. 17 வயசுக்குக் கீழ இருக்கறவங்க கைக்கு எட்டற மாதிரி விட்டா டெக்சாஸ்ல அதுவே தனிக் குத்தம். இன்னொண்ணு, இந்த நாட்டுல துப்பாக்கிச் சாவுல பாதிக்கு மேல தற்கொலை. வீட்டுல யாருக்காவது, உங்களுக்கே கூட, மனசு சரியில்லாத காலம்னு தெரிஞ்சா அதை வீட்டை விட்டே வெளிய அனுப்பிடுங்க, வெக்கப்படாதீங்க.

விட்டுடலாமான்னு கேட்டீங்க. விட்டாலும் தப்பில்ல. ஆனா முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு வாரம், புது பெல்ட்டும் ஹோல்ஸ்டரும் போட்டு, துப்பாக்கியை முழுசா காலி பண்ணி, மேகசினை (தோட்டா அடுக்கற பெட்டியை) கழட்டி சேம்பரைக் கண்ணாலயும் விரலாலயும் பாத்து, தோட்டா எல்லாம் வேற ரூம்ல பூட்டி வெச்சுட்டு, பையன் தூங்கினப்புறம் வீட்டுக்குள்ளயே மாட்டிக்கிட்டு நடங்க. சோஃபாவுல உக்காருங்க, பாத்திரம் கழுவுங்க. கை எத்தனை தடவை அங்க போகுதுன்னு வீட்டுக்காரியை எண்ணச் சொல்லுங்க. எண்ணிக்கை இறங்கலன்னா வித்துடுங்க.

டிசம்பர் பயணத்துக்கு இதைக் கேட்டுக்கோங்க. 2023-ல மட்டும் அமெரிக்க ஏர்போர்ட் செக்யூரிட்டியில 6,737 துப்பாக்கி பிடிச்சாங்க, பத்துக்கு ஒம்பதுக்கு மேல லோடு பண்ணினது, உங்க டாலஸ் ஏர்போர்ட் அந்த லிஸ்ட்ல எப்பவும் மேலதான். கேட்டா முக்காவாசி பேர் சொல்றது "பேக்ல இருந்ததை மறந்துட்டேன்". துப்பாக்கி கூட இல்ல தம்பி, ஒத்தைத் தோட்டா போதும். ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போன பேக்கைத் தட்டிட்டு ஊருக்கு எடுத்துட்டுப் போறவங்க, இந்தியாவுல இறங்கி ஸ்கேனர்ல மாட்டறாங்க. அங்க ஆயுதச் சட்டம் 1959, தோட்டாவுக்கும் லைசன்ஸ் கேக்கும். தெரியாம பைக்குள்ள இருந்ததுன்னு நிரூபிச்சு கோர்ட்ல கேஸை ரத்து பண்ணி வாங்கினவங்க உண்டு, ஆனா அது வரைக்கும் ஃப்ளைட்டும் போச்சு, லீவும் போச்சு.

எனக்கு இது 2012-ல நடக்க இருந்துச்சு. திருச்சிக்கு பெட்டி கட்டறோம், என் பழைய முதுகுப்பைய வீட்டம்மா உதறினாங்க, பக்கத்து ஜிப்புக்குள்ளேருந்து ஒரு 9 எம்.எம். ரவுண்டு டைனிங் டேபிள்ல உருண்டு வந்து நின்னுச்சு. அவங்க ஒரு வார்த்தை பேசல. நான் அந்த பையைக் குப்பையில போட்டுட்டு கடைக்குப் போய் புதுசு வாங்கிட்டு வந்தேன். நீங்களும் ரேஞ்சு பையை தனியா வெச்சுக்கோங்க, அது கராஜை விட்டு வேற எங்கயும் போக வேண்டாம். டிசம்பர் பெட்டியை மட்டும் நீங்க செக் பண்ணாதீங்க, வீட்டுக்காரியை பண்ணச் சொல்லுங்க.