ஓட்டு இல்லாதவன் கவுன்சிலில் பேசலாமா?

தம்பி, அமெரிக்காவுல சான் ஹோசே வந்து ஆறு மாசம்தான் ஆகுது, வீட்டுக்குப் பக்கத்துல சிட்டிக்குச் சொந்தமான பார்க்கிங் இடத்தை ஒரு கம்பெனிக்குக் கொடுக்கப் போறாங்களாம், எச்-1பி விசாவில் இருக்குற நான் சிட்டி கவுன்சில் கூட்டத்துல பேசினா வம்பாகுமான்னு கேட்டிருந்தீங்க.

தாராளமா பேசலாம். விசா எல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க. டிஎம்வியில (நம்ம ஊர் ஆர்டிஓ ஆபீஸ் மாதிரி) லைசென்ஸ் எடுக்கும்போது வாக்காளர் பதிவுக்கும் கேப்பாங்க. அங்க மட்டும் மறந்தும் 'தகுதி இருக்கு'ன்னு டிக் அடிச்சிடாதீங்க. வம்பு அதுலதான்.

லீவுக்குத் தஞ்சாவூர் வந்திருக்கேன். உங்க கேள்வியைச் சித்தப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். டெல்டாவுல ஒரு ஊர் பஸ் ஸ்டாண்டுல (பேர் வேணாம்) வெத்தலைக் கடை வச்சிருந்தவர். இடிச்சுக் கட்டின பிறகு கடை ஏலத்துக்குப் போனார். எந்தக் கடை யாருக்குன்னு அதுக்கு முன்னாடியே டீக்கடையில பேசி முடிச்சாச்சு. பழைய வாடகை ரசீதை எல்லாம் இன்னும் மஞ்சப்பையில வச்சிருக்கார். "அங்கயும் ஏலத்தன்னிக்குத்தான் கூப்பிடுவாங்களா?"ன்னார்.

கிட்டத்தட்ட அப்படித்தான். 2018 டிசம்பர்ல உங்க ஊர்லயே, டிரிடான் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து சிட்டி நிலத்தை கூகுளுக்குச் சுமார் 11 கோடி டாலருக்கு வித்தாங்க. எதிர்த்தவங்க கவுன்சில் நாற்காலியோட சங்கிலி போட்டுக்கிட்டாங்க, கைதுதான் மிச்சம். அதிகாரிங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே வெளிய சொல்ல மாட்டோம்னு கூகுளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாங்க.

அதனால முன்னாடியே போங்க. விலை பேசுறதைக் கதவை மூடிக்கிட்டுச் செய்யலாம்னு கலிபோர்னியா சட்டமே சொல்லுது. ஆனா எந்த நிலம், யாரோட பேச்சுன்னு அஜெண்டாவுல ஒரு வரி போட்டாகணும். வழக்கமான கூட்டம்னா 72 மணி நேரம் முன்னாடி. அதுக்கும் முந்தின கட்டம், நிலத்தை 'உபரி'ன்னு, அதாவது சிட்டிக்குத் தேவையில்லைன்னு, அறிவிக்கிறது. அறிவிச்சா, குறைஞ்ச வாடகை வீடு கட்டுறவங்களுக்கு முதல்ல எழுதிக் கேட்டு 60 நாள் காத்திருக்கணும். இந்த நிலத்துக்கு அந்த விதியிலேர்ந்து 'விலக்கு'ன்னு தீர்மானம் போட்டு அதைத் தாண்டுற வழியும் உண்டு. அந்தத் தீர்மானம் வர்ற அன்னிக்கு நீங்க அங்க இருக்கணும்.

நான் முதல் தடவை கவுன்சில்ல பேச, ரெண்டு நிமிஷத்துக்கு எழுதிட்டுப் போனேன். கூட்டம் ஜாஸ்தின்னு ஒரு நிமிஷமாக்கிட்டாங்க. வணக்கம், நன்றி எல்லாம் சொல்லி முடிச்சேன், மைக் கட். நீங்க கடைசி வரியை முதல்ல சொல்லிடுங்க.