அறிக்கை முழுதும் பச்சை. பதிவுக் கவுன்டரில் வரிசை நகரவில்லை

கேள்வி: நான் ஒரு மருத்துவமனையின் நிர்வாக அலுவலர். நோயாளிப் பதிவு, ஆய்வக முடிவு, மருந்தகம் ஆகிய மூன்றும் எங்கள் நான்கு சர்வர்களில் ஓடுகின்றன. பராமரிப்பு ஒப்பந்ததாரர் மாதந்தோறும் தரும் அறிக்கையில் எல்லாம் பச்சை நிறத்தில்தான் இருக்கிறது. சிபியு பயன்பாடு சராசரி 20 சதவீதம், இயங்கு நேரம் 99.9 சதவீதம் என்று போட்டிருக்கிறார். ஆனால் வேலை நாட்களில் காலை பத்து மணி முதல் ஏறத்தாழ 40 நிமிடம் பதிவுத் திரை உறைந்து நிற்கிறது. கேட்டால், மெமரி 97 சதவீதம் நிரம்பிவிட்டது, புதிய சர்வர் வாங்கினால்தான் தீரும் என்கிறார். கணினித்துறை படிக்காத நான் எதை நம்புவது?

பதில்: எல்லாம் நலம் என்று அறிக்கை தந்தவரே புதிய சர்வருக்கும் சிபாரிசு செய்கிறார் என்பதை முதலில் கவனியுங்கள். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. என் அனுபவத்தில், இத்தகைய இடங்களில் பெரும்பாலும் இரண்டுமே உண்மையாக இருப்பதில்லை.

இயங்கு நேரத்திலிருந்து தொடங்குவோம். 30 நாள் மாதத்தில் 43,200 நிமிடங்கள் உள்ளன, 99.9 சதவீதம் என்றால் முடக்கத்துக்கு 43 நிமிடம் மட்டுமே இடம் உண்டு. உங்கள் கவுன்டர் அந்த ஒதுக்கீட்டை மாதத்தின் இரண்டாம் வேலை நாள் காலையிலேயே தீர்த்துவிடுகிறது. 26 வேலை நாட்களுக்குக் கணக்கிட்டால் 17 மணி 20 நிமிடம் ஆகிறது. பிறகு எப்படி 99.9 வந்தது? பெரும்பாலான ஒப்பந்தங்களில் ‘இயங்குகிறது’ என்பதற்குப் பொருள், பிங் என்னும் சிறு சோதனைக்குச் சர்வர் பதில் சொன்னது என்பது மட்டுமே. அந்தப் பதிலைத் தருவது இயங்குதளத்தின் அடிமட்டம். அதற்கு மேலே தரவுத்தளம் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாலும் அது தவறாமல் பதில் சொல்லும். மயக்கத்தில் கிடக்கும் நோயாளிக்கும் நாடித் துடிப்பு இருக்கும் என்பது நீங்கள் அறியாததன்று.

அடுத்தது அந்த 20 சதவீதச் சராசரி. ஐந்து நிமிடத்தில் 45 வினாடி மட்டும் சிபியு முழுத் திணறலில் இருந்து, மீதி நேரம் 6 சதவீதத்தில் சும்மா இருந்தால், ஐந்து நிமிடச் சராசரி 20 என்றுதான் வரும். மாத வரைபடமோ இதைவிடவும் மழுப்பலானது. காக்டி போன்ற பழைய கண்காணிப்புக் கருவிகள், இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, நாள் வரைபடத்துக்கு ஐந்து நிமிடச் சராசரியும், வார வரைபடத்துக்கு முப்பது நிமிடச் சராசரியும், மாத வரைபடத்துக்கு இரண்டு மணி நேரச் சராசரியும் எடுத்துக்கொள்ளும் வகையில்தான் அமைந்து வருகின்றன. அதாவது, காலை பத்து மணிக்கு 40 நிமிடம் 95 சதவீதத்தில் கொதித்த சர்வர், அடுத்த 80 நிமிடம் 15 சதவீதத்தில் இருந்துவிட்டால், மாத வரைபடத்தில் 42 என்று ஒரு மெல்லிய மேடாகத் தெரியும். ஆகவே மாத அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, பிரச்சினை நடந்த ஒரு நாளின் வரைபடத்தை, அதிலும் ஒன்பது மணி முதல் பதினொரு மணி வரையிலான பகுதியை, நிமிட அளவில் கேளுங்கள். அப்படிச் சேமிக்கவில்லை என்று பதில் வந்தால், இதுவரை அங்கே கண்காணிப்பே நடக்கவில்லை என்று பொருள்.

இனி மெமரி. 97 சதவீதம் என்ற எண்ணைக் காட்டி விற்கப்பட்ட ரேமும் (மெமரிச் சில்லுகள்) சர்வர்களும் எத்தனை என்று நினைத்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. லினக்ஸ் இயங்குதளம் சும்மா கிடக்கும் மெமரியை வீணாக விடாது. டிஸ்க்கிலிருந்து ஒருமுறை படித்த கோப்புகளின் நகலை அதில் வைத்துக்கொள்ளும், வேறு யாராவது இடம் கேட்டால் உடனே காலி செய்து கொடுத்துவிடும். 64 ஜிபி உள்ள சர்வரில் மென்பொருள்கள் 19 ஜிபியும், இந்த நகல்கள் 43 ஜிபியும் எடுத்துக்கொண்டால் வெற்றிடம் 2 ஜிபிதான். கணக்குப் போட்டால் 97 சதவீதம் ‘நிரம்பிவிட்டது’. ஆனால் உண்மையில் கொடுக்கக் கூடிய இடம் ஏறத்தாழ 40 ஜிபி இருக்கிறது. இதைச் சொல்வதற்கென்றே ‘ஃப்ரீ’ (free) என்னும் கட்டளையில் ‘அவைலபிள்’ (available) என்றொரு பத்தி, அதாவது நெடுவரிசை, உண்டு. 2014இல் வெளிவந்த 3.14 பதிப்பிலிருந்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே இந்த எண்ணைக் கணித்துத் தருகிறது. அந்தப் பத்தியைப் படிக்காமல் மெமரி பற்றிப் பேசுபவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை நிதானமாகச் சொல்லியாக வேண்டும். உண்மையாகவே மெமரி போதாமல் போகும்போது, இயங்குதளம் மெமரியின் சில துண்டுகளை, அதாவது பக்கங்களை, டிஸ்க்கில் உள்ள ஸ்வாப் பகுதிக்குத் தள்ளிவிட்டு, தேவைப்படும்போது மறுபடி எடுத்துவரும். டிஸ்க் ரேமைவிடப் பன்மடங்கு மெதுவானது என்பதால், இந்தப் போக்குவரத்து தொடங்கிவிட்டால் திரை உறைவதில் வியப்பில்லை. எனினும் ஸ்வாப்பில் ஏதோ இருக்கிறது என்பதே நோயாகிவிடாது. எப்போதோ தள்ளப்பட்டு, பிறகு யாரும் தேடாத பக்கங்கள் அங்கே மாதக்கணக்கில் கிடக்கலாம், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. போக்குவரத்து நடக்கிறதா என்பதே கேள்வி. அதைப் பார்க்க, பத்து மணிக்குச் சற்று முன்பிருந்து ‘விஎம்ஸ்டாட் 5’ (vmstat 5) என்ற கட்டளையை ஓடவிடச் சொல்லுங்கள். ஐந்து வினாடிக்கு ஒரு வரி வரும். முதல் வரியை விட்டுவிடுங்கள், ஏனெனில் அது சர்வர் கடைசியாகத் துவக்கப்பட்ட நாளிலிருந்து வரும் சராசரி. அந்த ஒரு வரியை மட்டும் படம்பிடித்து அனுப்பும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வரிகளில் ‘எஸ்ஐ’ (si, ஸ்வாப்பிலிருந்து வருவது), ‘எஸ்ஓ’ (so, ஸ்வாப்புக்குப் போவது) என்ற இரண்டு பத்திகளும் பூஜ்யமாகவோ எப்போதாவது ஒரு சிற்றெண்ணாகவோ இருந்தால் மெமரி பிரச்சினை இல்லை. நிமிடக்கணக்கில் பெரிய எண்களாகத் தொடர்ந்து ஓடினால், ‘அவைலபிள்’ பத்தியும் சுருங்கிக் கிடந்தால், உங்கள் ஒப்பந்ததாரர் சொல்வது சரி. அப்போதும் உங்களுக்குத் தேவை கூடுதல் ரேம்தான், புதிய சர்வர் அன்று.

அதே திரையில் ‘டபிள்யூஏ’ (wa) என்றொரு பத்தி இருக்கும். சிபியு சும்மா நின்று டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரத்தின் சதவீதம் அது. பத்து மணிக்கு அது 30, 40 என்று ஏறினால், மெமரியை விட்டுவிட்டு, அந்நேரத்தில் டிஸ்க்கை யார் உழுகிறார்கள் என்று தேடச் சொல்லுங்கள். குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் விடும் தொல்லைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கால அட்டவணை இருக்கிறது. பேக்கப், வைரஸ் தேடல், மேலிடத்துக்கு அனுப்பும் நாளறிக்கை ஆகியவற்றில் ஏதோ ஒன்று கூட்ட நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சர்வரின் கடிகாரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் இருக்க, அதிகாலை நான்கரை என்று எண்ணிக் குறிக்கப்பட்ட பேக்கப் காலை பத்து மணிக்கு ஓடியதை நானே கண்டிருக்கிறேன். அதைச் சரிசெய்ய ஒரு வரியை மாற்றினால் போதுமாக இருந்தது, ஆனால் அதற்குள் அங்கே ஒரு புதிய சர்வர் வாங்கப்பட்டு, அதிலும் அதே வரி அப்படியே நகலெடுக்கப்பட்டிருந்தது. நம் கொள்முதல் முறை அப்படித்தான் இருக்கிறது: சர்வர் பெட்டி வாங்கக் கணக்குத் தலைப்பு உண்டு, ஒப்புதல் உண்டு, படம் எடுக்க விழாவும் உண்டு, தரவுத்தளத்தில் மெதுவான ஒரு தேடலைக் கண்டுபிடித்துச் சீர்செய்யும் நான்கு மணி நேர உழைப்புக்குக் கணக்கில் ஒரு வரியும் கிடையாது.

டிஸ்க் நிரம்புவது, சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாவது போன்றவற்றுக்கு எச்சரிக்கை வைத்திருப்பார்கள். இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு உண்மையில் வேண்டிய அளவீடு கவுன்டரில் இருக்கிறது. ஒரு கைக்கடிகாரமும் நோட்டும் போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, நோயாளியின் எண்ணை அழுத்தியதிலிருந்து திரை வரும் வரை எத்தனை வினாடி என்று பதிவுப் பணியாளர் எழுதட்டும். இருபது அளவுகள் சேர்ந்ததும் சராசரி போடாதீர்கள். சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, மிக மோசமான ஒன்றைத் தள்ளிவிட்டு, அடுத்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வல்லுநர்கள் 95ஆம் சதமானம் என்று பெரிதாகச் சொல்வது ஏறத்தாழ இதைத்தான். இரண்டு வாரம் கழித்து, ஒரு போலி நோயாளிப் பதிவை வைத்து இதே சோதனையை நிமிடந்தோறும் செய்யும் சிறு நிரலை எழுதச் சொல்லலாம். ஆனால் அது உங்கள் கவுன்டர் கணினியில் ஓட வேண்டும், அதன் பதிவு உங்கள் கையில் இருக்க வேண்டும். அளப்பவரும் அந்த அளவால் ஊதியம் பெறுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது.

இவ்வளவும் சொன்னபின் யாராவது வந்து பளபளப்பான டேஷ்போர்டு ஒன்றை விற்க முயல்வார். நாஜியோஸ் கோர், ஜாபிக்ஸ், பிராமிதியஸ் ஆகிய மூன்றும் திறமூலக் கண்காணிப்பு மென்பொருள்கள், இலவசமாகவே கிடைப்பவை. காசு வாங்குபவர் நிறுவிப் பராமரிக்கும் உழைப்புக்கு வாங்கட்டும், மென்பொருளின் பெயரால் வாங்க வேண்டாம். அவர் நிறுவும் ஏஜென்ட், அதாவது சர்வருக்குள் இருந்து அளவுகளை அனுப்பும் சிறு நிரல், சர்வரின் முழு அதிகாரத்தோடு ஓடப் போகிறதா என்றும் கேளுங்கள். சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஒரியன் என்பதும் ஒரு கண்காணிப்பு மென்பொருள்தான்; அதன் புதுப்பிப்புக்குள் ஊடுருவிகள் கதவு வைத்திருந்தது 2020 டிசம்பரில் வெளிப்பட்டபோது, 18,000 வாடிக்கையாளர்கள் வரை அந்தப் புதுப்பிப்பை நிறுவியிருக்கலாம் என்று அந்த நிறுவனமே சொன்னது.

கடைசியாக, எச்சரிக்கை வந்து சேரும் வழி. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். வழக்கமான பேக்கப்பைத் தேடியபோது அது எடுக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள், முறையான கையொப்பம் இல்லாததால், அஞ்சல் சர்வரால் மறுக்கப்பட்டிருந்தன. வேறொரு நகல் கைவசம் இருந்தும் ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு போயிற்று. எனவே, கூட்டம் இல்லாத ஒரு நாள் மாலையில், மருந்தகத்துக்கும் ஆய்வகத்துக்கும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, ஒப்பந்ததாரரின் மேலாளரை மட்டும் உடன் வைத்துக்கொண்டு, பதிவு மென்பொருளின் சேவையைப் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். சர்வர் ஓடிக்கொண்டே இருக்கட்டும், பிங்குக்கும் பதில் சொல்லட்டும். யாருடைய கைபேசி, எத்தனையாவது நிமிடத்தில் ஒலிக்கிறது என்று எழுதிவைத்து, அந்தத் தாளை அடுத்த மாத அறிக்கையோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள்.