பள்ளி வேன் முதல் விற்ற பைக் வரை: ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர் பதில் சொல்கிறார்

மகள் போகும் பள்ளிப் பேருந்துக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) இருக்கிறதாம். அதை நம்பி அனுப்பலாமா? (கரூர் வாசகி)

எஃப்.சி. என்பது ஆய்வு நடந்த அன்றைக்கு வண்டி இருந்த நிலைக்கான சான்று. அதற்குமேல் அதை நம்பாதீர்கள். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே ஒரு பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே 2ஆம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தாள். அந்தப் பேருந்துக்கும் எஃப்.சி. இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்த பிறகுதான், அதே ஆண்டில் தமிழக அரசு பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. இப்போது பள்ளி திறக்கும் முன்பு, மே மாதத்தில் ஆர்டிஓ, போலீஸ், வருவாய்த் துறை, கல்வித் துறை எல்லோரும் சேர்ந்து மைதானத்தில் வண்டிகளை நிறுத்திப் பார்க்கிறார்கள்.

அந்த ஆய்வில் நான் முதலில் செய்வது, தரை விரிப்பைத் தூக்குவது. பின்சக்கரத்துக்கு மேலேயும் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயும் தண்ணீர் தேங்கித் துரு பிடிக்கும். விரிப்பு போட்டிருந்தால் வெளியே தெரியாது, குதிகாலால் தட்டினால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து அவசர வழிக் கதவு. அதை டிரைவரைத் திறக்கச் சொல்ல மாட்டேன், நானே இழுத்துப் பார்ப்பேன். துரு ஏறி இறுகிப்போன கதவுகள் உண்டு, குறுக்கே சீட் போட்டு அடைத்த கதவுகளும் உண்டு. ஆய்வுக்காக நல்ல டயரை மாட்டிக் காட்டிவிட்டு மறுநாள் கழற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் பள்ளி திறக்கும்போது பார்த்ததோடு விடாதீர்கள். பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் பேருந்துக்குள் ஏறிப் பாருங்கள். எந்தப் பள்ளியும் உங்களைத் தடுக்க நியாயம் இல்லை.

ஓன் போர்டு ஆம்னி வேனில் பிள்ளைகளை அனுப்புகிறோம். தெரிந்தவர்தான் ஓட்டுகிறார். (திருப்பூர்)

வேண்டாம். வெள்ளை போர்டு வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றுவதே சட்டப்படி தவறு. சொந்த வண்டி முதல் 15 ஆண்டுக்கு எஃப்.சி.க்கு வரவே வேண்டியதில்லை, ஆகவே அதை எந்த பிரேக் இன்ஸ்பெக்டரும் பார்த்திருக்க மாட்டார். மஞ்சள் போர்டு வண்டி என்றால் 8 வயதுவரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அப்புறம் ஆண்டுதோறும் வந்தாக வேண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பதும் இந்த போர்டு விஷயத்தைத்தான்.

பிளஸ் டூ படிக்கும் மகன் பக்கத்துக் கடைவரை மட்டும் பைக் எடுக்கிறான். பிடித்தால் அபராதம் எவ்வளவு? (மதுரை)

அபராதத்தோடு முடியாது ஐயா. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோதான் குற்றவாளி. 3 ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. சாவியை நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும்.

விபத்துக்குப் பிறகு நொறுங்கிய வண்டியை ஆர்டிஓ ஆபீஸ்காரர் வந்து என்ன பார்க்கிறார்? (சேலம்)

"பிரேக் பிடிக்கவில்லை" என்று டிரைவர் சொல்வது உண்மையா என்று பார்ப்பதே முக்கிய வேலை. பிரேக் குழாய் உடைந்திருந்தால் உடைந்த வாயை உற்றுப் பார்ப்போம். உலோகம் பளபளவென்று இருந்தால் அது மோதலில் உடைந்தது. துரு ஏறியிருந்தால் முன்பே விரிசல் விட்டிருக்கிறது, யாரோ கவனிக்காமல் ஓட்டியிருக்கிறார்கள். ஸ்டியரிங், டயர் எல்லாம் பார்த்து, இயந்திரக் கோளாறா இல்லையா என்று அறிக்கை எழுதுவோம். வழக்கும் இழப்பீடும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் நகரும். அதை அவசரமாக எழுதக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

பைக்கை விற்றுவிட்டேன், சலான் என் பெயருக்கே வருகிறது. (திருநெல்வேலி)

ஆர்.சி. (பதிவுச் சான்று) யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். விபத்து இழப்பீட்டிலும் அப்படித்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு நிற்காதீர்கள். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் பதிவு அலுவலகத்துக்கு நீங்களே தெரிவிக்க வேண்டும். இப்போதாவது விற்றதற்கான ஆதாரத்தோடு போய் எழுதிக் கொடுங்கள்.

அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் போலீஸ் கேஸில் நம்மை இழுப்பார்களா? (கடலூர்)

மாட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உங்களைக் காக்கிறது. பெயரைச் சொல்லக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. செலவை நினைத்தும் தயங்காதீர்கள். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கொடுக்கிறது, அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. 108க்கு அடித்துவிட்டு, ஆள் இருக்கும் இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்.