லிவர்பூல் ஸ்காட்லாந்து தொகுதி: இங்கிலாந்தில் ஐரிஷ் தேசியவாதி எப்படி ஜெயித்தார்?

இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலில், ஸ்காட்லாந்து ரோட்டை ஒட்டி 1885-இல் உருவான பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தொகுதி இது. ஸ்காட்லாந்து நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறிய ஐரிஷ் கத்தோலிக்கர்கள் பலர், இறங்கிய இடத்திலேயே துறைமுகக் கூலிகளாகத் தங்கிவிட்டார்கள். அந்தச் சமூகத்தின் வாக்குதான், அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்ட ஐரிஷ் தேசியவாதக் கட்சியின் டி. பி. ஓ'கானரை ஜெயிக்க வைத்தது. அயர்லாந்துக்கு வெளியே அந்தக் கட்சி வென்ற ஒரே தொகுதி இதுதான். 1885 முதல் 1929-இல் இறக்கும்வரை அவரே உறுப்பினர். வேடிக்கை என்னவென்றால், 1922-இல் அயர்லாந்தின் பெரும்பகுதி தனி நாடாகி, அவருடைய பழைய கட்சியும் கலைந்துபோன பிறகுகூட இங்கே அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை!

அப்புறம் 1964 வரை லேபர் கட்சியின் டேவிட் லோகன். 1974-இல் இந்தத் தொகுதியை லிவர்பூலின் எக்ஸ்சேஞ்ச் தொகுதியுடன் இணைத்துவிட்டார்கள்.